செங்குத்துச் சரிவில் பிடிக்க நாடாவா, கயிறா?

சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்று 163 மீட்டர்தான், அங்கே இந்தக் கேள்வியே எழாது. மலேசியாவின் ஜொகூரில் 1,276 மீட்டர் உயர லேடாங் மாதிரி மலைகளுக்குக் குழுவாகப் போகிறவர்களுக்குத்தான் இது.

கையால் பிடித்து ஏற, 8 அல்லது 9 மில்லிமீட்டர் தடிமனில் அதிகம் இழுபடாத கயிறுதான் என் தேர்வு. நாடா என்பது தட்டையாக நெய்த பட்டி (webbing); எடை குறைவு, பையில் இடம் அடைக்காது. ஆனால் மழையில் நனைந்தால் கையில் நிற்காது. நாடாதான் இருக்கிறதென்றால் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள்.

கயிற்றின் மேல்முனையை மாட்ட மரத்தைச் சுற்றிக் கட்ட மட்டும் நாடாவே நல்லது, அகலமாகப் படிவதால் பட்டையை அறுக்காது. நாடாவின் முனைகளை இணைக்கும் முடிச்சு மெல்லத் தளரும். முடிச்சுக்கு வெளியே வால் முனையை நீளமாக விட்டு, அடிக்கடி இறுக்கிப் பாருங்கள். அப்புறம், பட்ட மரத்தில் கட்டவே கூடாது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிடிக்க வேண்டும்.