லிமிட்டரை ஏற்றும் முன்: ஈசியூ ரீமேப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரீமேப் என்பது எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியூவில் உள்ள எண்களை மாற்றி எழுதுவது. அதைச் செய்ய வரும் பலர் முதலில் கேட்பது, "லிமிட்டரை எவ்வளவு ஏத்தலாம்?" லிமிட்டர் என்பது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்பிஎம்) வரை போகலாம் என்ற மேல்வரம்பு. மென்பொருளில் 6500 என்று இருக்கும் இடத்தில் 7500 என்று தட்டுவது இரண்டு நொடி வேலை. ஈசியூவும் மறுபேச்சு பேசாது. பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு எதில் செய்தது, வால்வு ஸ்பிரிங் எவ்வளவு தாங்கும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதையெல்லாம் கணக்குப் பார்த்து அந்த எண்ணை வைத்தவர் எஞ்சினை வடிவமைத்த பொறியாளர்.

6500-லிருந்து 7500 என்பது வேகத்தில் 15 சதவீதம்தான். ஆனால் பிஸ்டனை நிறுத்தித் திருப்பும் விசை ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் ஏறும், அதாவது 33 சதவீதம் கூடும். எரிந்த வாயுவை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிந்து பிஸ்டன் உச்சிக்கு வரும்போதுதான் நிலைமை மோசம். மேலிருந்து எதிர்த்து அழுத்த வாயு இல்லை; பறக்கப் பார்க்கும் பிஸ்டனை ராடும் அதன் போல்ட்டுகளும் மட்டுமே இழுத்துப் பிடிக்க வேண்டும்.

"ஹோண்டா எஸ்2000 ஒன்பதாயிரம் போகுதே" என்பார்கள். போகும். 1999-இல் வந்த அதன் இரண்டு லிட்டர் எஞ்சினில் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம்) 84 மில்லிமீட்டர். 9000 ஆர்பிஎம்மில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 25 மீட்டரைத் தாண்டும். அதற்காகவே ஃபோர்ஜ்டு (அழுத்தி அடித்து உருவாக்கிய) பிஸ்டன், ஃபோர்ஜ்டு ராடு. பிறகு அதே ஹோண்டா ஸ்ட்ரோக்கை 90.7 ஆக்கி 2.2 லிட்டர் எஞ்சினைக் கொண்டுவந்தபோது ரெட்லைனை (ஆர்பிஎம்மின் உச்ச வரம்பை) 8000-க்கு இறக்கிவிட்டது. நம்ம ஊர் ஸ்விஃப்டின் பழைய 1.2 லிட்டர் எஞ்சினில் ஸ்ட்ரோக் 71.5 தான். 9000 சுற்றினாலும் பிஸ்டன் வேகம் 21.5 மீட்டர்தான் வரும். அதனால் தாங்கும் என்று நினைப்பது அடுத்த தவறு. பிஸ்டன் வேகம் ஒரு கணக்கு மட்டுமே. அதற்கு முன்பே வால்வு ஸ்பிரிங் தோற்றுவிடும். வால்வைத் தள்ளித் திறக்கும் கேம் விலகிப் போன பிறகும் வால்வு மூடாமல் மிதக்கும். பிஸ்டன் மேலே வந்து அதை முட்டும்.

சரி, தாங்குகிறது என்றே வைத்துக்கொள்வோம். பயன் என்ன? அதே எஞ்சினின் உச்ச பவர் 6000 ஆர்பிஎம்மில் வருகிறது. அதற்கு மேல் காற்று போதாமல் பவர் கீழே இறங்கும். கேம், ஹெட் எதையும் மாற்றாமல் லிமிட்டரை மட்டும் ஏற்றினால் சத்தம்தான் கூடும். டைனோ (பவரை அளக்கும் இயந்திரம்) கிராஃபில் பவர் கோடு எங்கே விழுகிறது, அடுத்த கியர் எந்த ஆர்பிஎம்மில் பிடிக்கிறது என்று பார்த்து, இந்த இரண்டும் அனுமதித்தால் மட்டும் 200, 300 ஏற்றலாம்.

பழைய 1.2 லிட்டர் போலோ ஜிடி டிஎஸ்ஐ மாதிரி டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கார்களில் இது இன்னும் வீண். கியர்பாக்ஸுக்கென்று தனிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. மேனுவல் மோடில் வைத்தாலும் ரெட்லைனில் தானே அடுத்த கியருக்குப் போய்விடும். ஈசியூவில் மட்டும் எண்ணை மாற்றினால் அது கண்டுகொள்ளாது. அந்த டிரை கிளட்ச் பெட்டியின் டார்க் (சுழற்றும் விசை) வரம்பு 250 நியூட்டன் மீட்டர். அங்கே கவலைப்பட வேண்டியது ரெவ்வுக்கு அல்ல, டார்க்குக்கு.

வரம்பைத் தொட்டதும் லிமிட்டர் எஞ்சினை எப்படி வெட்டுகிறது என்பதையும் பலர் பார்ப்பதில்லை. ஸ்பார்க்கை மட்டும் நிறுத்தினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் எரியும். 'பட் பட்' சத்தம் பிடிக்கும் என்று கேட்டு வாங்குபவர்கள் கன்வர்ட்டரின் விலையையும் விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. தெரு வண்டிக்கு எரிபொருளை நிறுத்தும் கட்டே போதும். எலக்ட்ரானிக் த்ராட்டில் இருந்தால் அதை முன்கூட்டியே மெல்ல மூடவிட்டால் இன்னும் மென்மை. எஞ்சின் சூடாகும் வரை வரம்பைக் குறைத்து வைக்கும் வசதி இருந்தால் அதை அழிக்காதீர்கள்.

எந்த லிமிட்டராலும் காப்பாற்ற முடியாத ஒன்று உண்டு. மூன்றாவதில் 6500 வரை இழுத்துவிட்டு நான்காவதுக்குப் பதில் இரண்டாவது போட்டுவிட்டால், சக்கரமே எஞ்சினைச் சுற்றும். இரண்டு கியர்களின் விகிதம் ஒன்றரை மடங்கு என்றால் 9750. எரிபொருளை வெட்டி என்ன பிரயோஜனம்?

ஆனால் ரீமேப்பில் அதிக எஞ்சின்கள் சாவது ரெவ்வால் அல்ல, நாக்கிங்கால் (சிலிண்டருக்குள் எரிபொருள் கட்டுப்பாடின்றித் தானே வெடிப்பதால்) என்பது என் கருத்து. ஐரோப்பாவில் நாக்கிங்கை நன்றாகத் தாங்கும் 98 ஆக்டேன் பெட்ரோலை நம்பி எழுதிய ஃபைலை அப்படியே ஏற்றிவிட்டு, பங்கில் சாதா பெட்ரோல் போடுகிறோம். டைனோவில் டிசம்பர் காலையில் நன்றாக ஓடிய மேப், சென்னை மே மாத மதியத்தில் வேறு முகம் காட்டும். ஓட்டும்போது ஈசியூ தரும் எண்களின் பதிவை, அதாவது லாக்கை, எடுத்துப் பாருங்கள். மூன்றாவது கியரில் முழு த்ராட்டில், 5000 தாண்டியதும் ஈசியூ ஒரு சிலிண்டரில் மட்டும் ஸ்பார்க் டைமிங்கை 4, 5 டிகிரி பின்னுக்கு இழுக்கிறதா? ஒரு முறை என்றால் பரவாயில்லை. ஒவ்வொரு ஓட்டத்திலும் அதே இடத்தில் என்றால் மேப்பில் டைமிங்கைக் குறைக்க வேண்டும். அதை விட்டுவிட்டு நாக் சென்சாரின் உணர்திறனைக் குறைத்து கிராஃபை அழகாக்கும் ட்யூனரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

இப்போது எங்கும் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு எரிய காற்று குறைவாகப் போதும். அதாவது அதே காற்றுக்கு, கலப்பில்லாத பெட்ரோலைவிட 8, 9 சதவீதம் கூடுதல் எரிபொருள் ஊற்ற வேண்டும். பழைய மேப் உள்ள வண்டி முழு த்ராட்டிலில் லீனாக (எரிபொருள் போதாமல்) ஓட வாய்ப்புண்டு. இலக்கை 14.7, 12.5 என்ற காற்று-எரிபொருள் விகிதங்களில் பேசாமல் லாம்ப்டாவில் (அந்த எரிபொருள் முழுதாக எரியத் தேவையான காற்றோடு ஒப்பிட்ட அளவில்) பேசினால் குழப்பம் வராது. இன்ஜெக்டருக்கு உச்ச ஆர்பிஎம்மில் இன்னும் திறக்க நேரம் மிச்சமிருக்கிறதா என்பதையும் லாக்கில் பாருங்கள். லிமிட்டரை ஏற்றினால் அந்த நேரம் இன்னும் சுருங்கும்.

கடைசியாக, ஃபிளாஷ் செய்யும் நாள், அதாவது புது மேப்பை ஈசியூவில் எழுதும் நாள். முதலில் வண்டியில் இருக்கும் ஒரிஜினல் ஃபைலைப் படித்து, ஒரு நகலை நீங்களே வாங்கி வையுங்கள். பேட்டரியோடு ஸ்டெபிலைஸ்டு சார்ஜர் இணைத்திருக்க வேண்டும். ஏசி, ஹெட்லைட், மியூசிக் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். எழுதும் நடுவே வோல்டேஜ் விழுந்தால் ஈசியூவைக் கழற்றி மேசையில் வைத்துத் திறந்துதான் உயிர் கொடுக்க வேண்டியிருக்கும்.