வெளிநாட்டில் வளரும் பிள்ளைக்கு மார்க்கம்: நாம் செய்யும் தவறுகள்

வார இறுதி குர்ஆன் ஓதல் வகுப்பில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன், குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹா சூராவைப் பிழையே இல்லாமல் ஓதினான். "மாலிகி யவ்மித்தீன்னா என்ன?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அடுத்தது இய்யாக்க நஃபுது" என்றான். நான் கேட்டதே அவனுக்குப் புரியவில்லை. ஓதியதற்குப் பொருள் என்று ஒன்று இருப்பதை அதுவரை யாரும் அவனிடம் சொன்னதில்லை.

ஐந்து வேளைக் கடமையான தொழுகையில் மட்டும் 17 ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று). ஒவ்வொன்றிலும் ஃபாத்திஹா உண்டு. 'தீர்ப்பு நாளின் அதிபதி' என்று ஒரு நாளில் இத்தனை முறை சொல்லப்போகிற பிள்ளைக்கு, தான் சொல்வது தெரிய வேண்டாமா? அதில் இருப்பது ஏழே வசனம். வாரத்துக்கு ஒன்று என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிடும். 'எத்தனை ஜுஸ்உ (குர்ஆனின் முப்பது பாகங்களில் ஒன்று) முடித்திருக்கிறான்?' என்று விசாரிக்கிற பெற்றோர் நிறைய. 'என்ன புரிந்துகொண்டான்?' என்று கேட்பவர்கள் குறைவு.

தஜ்வீத், அதாவது சரியான உச்சரிப்போடு ஓதும் முறை, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தமிழில் எழுதினால் 'கல்பு' ஒன்றுதான். அரபியிலோ அடிநாக்கிலிருந்து வரும் காஃப் போட்டால் இதயம், மற்ற காஃப் போட்டால் நாய். இதைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அந்த எழுத்தை யாரும் தவறாகச் சொல்லவில்லை. உச்சரிப்பும் பொருளோடு சேர்ந்து வந்தால்தான் நிற்கிறது.

பொருளை எந்த மொழியில் சொல்வது என்பதில் அடுத்த சறுக்கல். 'தக்வா என்றால் இறையச்சம்' என்று நாம் முடித்துவிடுவோம். பள்ளிக்கூடத்தில் வேறு மொழியில் யோசித்துப் பழகிய பிள்ளைக்கு இறையச்சமும் தக்வா மாதிரியே புரியாத சொல்தான். பிள்ளை எந்த மொழியில் சண்டை போடுகிறதோ அந்த மொழியில் விளக்குங்கள். வீட்டு மொழியைக் காப்பாற்றுவதும் நல்ல காரியம்தான், ஆனால் அது தனி வேலை. இரண்டையும் ஒரே பாடத்தில் திணித்தால் இரண்டுமே வெறுத்துப்போகும்.

வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் ஓதல் ஆசிரியரான உஸ்தாதிடம் பிள்ளை இருப்பது இரண்டு மணி நேரம். அங்கே கொண்டுபோய் விட்டதோடு கடமை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு போதும். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சத்தம் தெருவில் கேட்காத நாட்டில், வாப்பா எழுந்து தொழுகைக்காகக் கை கால் முகம் கழுவி ஒளு செய்யும் தண்ணீர்ச் சத்தம்தான் பிள்ளைக்குப் பாங்கு.

நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. எதற்கெடுத்தாலும் 'ஹராம்' (மார்க்கம் தடை செய்தது) என்பது. ஊர் வழக்கத்தையும், நம் குடும்பக் கௌரவத்தையும், சில சமயம் நம் சோம்பலையும்கூட மார்க்கத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். பதினைந்து வயதில் அந்தப் பிள்ளை தானே தேடிப் படிக்கும். 'ஹராம்' என்று நாம் சொன்ன பத்தில் நான்கு அப்படியில்லை என்று தெரிந்தால், மீதி ஆறையும் சந்தேகப்படும். 'இது நம் வீட்டு ஒழுங்கு, எனக்குப் பிடிக்காது' என்று நேராகச் சொல்லிவிடுவதில் என்ன குறைந்துவிடும்? அதட்டாமலும் பிள்ளையை நடத்த முடியும். நபி (ஸல்) அவர்களிடம் பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி), அந்தக் காலம் முழுதும் தன்னைப் பார்த்து அவர்கள் 'சீ' என்றுகூடச் சொன்னதில்லை என்கிறார். வேலைக்கு வந்தபோது அவர் சிறுவர்.

பல நாட்டவர் கூடும் பள்ளிவாசல் இன்னொரு சோதனை. ஒருவர் நெஞ்சுக்குக் கீழே கை கட்டுகிறார், இன்னொருவர் தொப்புளுக்குக் கீழே, மாலிகி மத்ஹபுக்காரர் (மத்ஹபு என்றால் மார்க்கச் சட்ட வழி) கையைத் தொங்கவே விட்டிருக்கிறார். "வாப்பா, யார் சரி?" என்று பிள்ளை கேட்கும்போது, 'அவர்களுக்குச் சரியாகத் தெரியாது' என்பதுதான் எளிதில் வாயில் வரும் பதில். மோசமான பதிலும் அதுதான். மத்ஹபுகள் நான்கு இருப்பதையும் ஏன் வேறுபடுகின்றன என்பதையும் எட்டு வயதுப் பிள்ளையிடம் தாராளமாகப் பேசலாம். பெருநாள் பிறை விஷயத்தில் ஒரே ஊரில் இரண்டு நாள் பெருநாள் வரும்போது அந்தப் பேச்சு கை கொடுக்கும்.

அப்புறம் பள்ளிக்கூடம். 'ஏன் இதைச் சாப்பிட மாட்டாய், ஏன் தலையை மூடுகிறாய்' என்று கூடப் படிப்பவர்கள் தினமும் கேட்பார்கள். அவர்களை விட்டு விலகியிரு என்று சொல்லி அனுப்புவது பிள்ளையைத் தனியாக நிறுத்துவதுதான். கி.பி. 615 வாக்கில் மக்காவிலிருந்து அபிசீனியாவுக்கு (இன்றைய எத்தியோப்பியப் பகுதி) போன முஸ்லிம்களும் வெளிநாட்டில் குடியேறியவர்கள்தான். அரசர் நஜ்ஜாஷி கேள்வி கேட்டபோது, அப்படிப் போனவர்களில் ஒருவரான ஜஅஃபர் (ரலி) ஒளியவும் இல்லை, சண்டைக்கு நிற்கவும் இல்லை. உண்மை பேசுவது, நம்பி ஒப்படைத்த அமானிதத்தைப் பேணுவது, உறவைச் சேர்ந்து வாழ்வது, அக்கம்பக்கத்தாரிடம் நல்லபடி நடப்பது என்று தங்கள் மார்க்கத்தை எளிமையாக எடுத்துச் சொன்னார். மர்யம் சூராவின் தொடக்கத்தை ஓதிக் காட்டினார். அவருடைய மகன் அப்துல்லாஹ் அந்த மண்ணில்தான் பிறந்தார். இந்தக் கதையை வெளிநாட்டிலேயே பிறந்து வளர்கிற நம் பிள்ளைகளுக்கு ஏன் சொல்வதில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம். சொல்லிவிட்டு, வகுப்பில் கேட்கப்படும் மூன்று கேள்விகளுக்கு மூன்று வரிப் பதிலைப் பிள்ளையோடு சேர்ந்து தயார் செய்யுங்கள். நமக்கே பதில் தெரியாவிட்டால், 'தெரியாது, வா, சேர்ந்து தேடலாம்' என்பதும் நல்ல பதில்தான்.

நோன்பில் ஓர் எச்சரிக்கை. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு என்பதால் ரமழான் எல்லாப் பருவத்திலும் சுற்றி வரும். வட ஐரோப்பாவில் அது ஜூனில் வந்தால் நோன்பு 18 மணி நேரத்தைத் தாண்டும். பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை. 'அவன் ஏழு வயதிலேயே முப்பதும் பிடித்தான்' என்ற பெருமைப் பேச்சைக் கேட்டு நம் பிள்ளையை வாட்ட வேண்டாம். அரை நாள் நோன்பு போதும், அதையும் வகுப்பாசிரியரிடம் முன்பே சொல்லி வையுங்கள். முஹர்ரம் பத்தாம் நாளான ஆஷூரா நோன்பில் மதீனாவின் தாய்மார்கள் பிள்ளைகளையும் நோன்பு பிடிக்க வைத்தார்கள். பசித்து அழுதால், நோன்பு திறக்கும் வரை விளையாட, கம்பளி ரோமத்தில் பொம்மை செய்து கையில் கொடுத்தார்கள்.