சிமுலேட்டரில் படியும் கெட்ட பழக்கங்கள்

1934இல் அமெரிக்க ராணுவ விமானிகளுக்குத் தபால் சுமக்கும் வேலை வந்தது. கருவிகளை மட்டும் நம்பி ஓட்டிப் பழகாதவர்கள் மோசமான வானிலையில் சிக்கி அடுத்தடுத்து இறந்தார்கள். அப்புறம்தான் எட்வின் லிங்க் செய்த சிமுலேட்டர்களில், அதாவது தரையில் உட்கார்ந்தே விமானம் ஓட்டிப் பழகும் பயிற்சிப் பெட்டிகளில், ஆறை ராணுவம் வாங்கியது. 2018இல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் விஆர் கண்ணாடி (கண்முன் கற்பனைக் காட்சியைக் காட்டும் கருவி) மாட்டிப் பழகிய அமெரிக்க விமானப்படையின் முதல் அணியிலிருந்து 13 பேர் விமானிகளாக வெளியே வந்தார்கள். கருவி எவ்வளவோ மாறிவிட்டது. அதைப் பயன்படுத்துவதில் நடக்கும் தவறுகள் அவ்வளவாக மாறவில்லை.

பெரிய தவறு, சிமுலேட்டர் சரியானதை மட்டுமே கற்றுத்தரும் என்று நம்புவது. தப்பாகச் செய்தாலும் அது அதே அக்கறையோடு பழக்கிவிடும். பயணிகள் விமான உதாரணம்தான், ஆனாலும் இதைவிடத் தெளிவானது இல்லை: 2001 நவம்பரில் நியூயார்க்கில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 விழுந்து 265 பேர் இறந்தார்கள். முன்னே போன விமானத்தின் காற்றுச் சுழலில் சிக்கியபோது, துணை விமானி ரடர் (விமானத்தின் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பலகை) பெடலை இருபுறமும் மாறி மாறி அழுத்தியதில் வால் துடுப்பு பிய்ந்துபோனது. ரடரின் வடிவமைப்போடு, நிறுவனத்தின் பயிற்சியில் இருந்த சில அம்சங்களும் இதற்குத் துணைபோயின என்றது விசாரணை அறிக்கை. அந்தப் பயிற்சியில், விமானம் நன்றாகச் சாயும்வரை விமானியின் கட்டுப்பாடுகளுக்குச் சிமுலேட்டர் பதில் சொல்லாதபடி முடக்கி வைத்திருந்தார்கள். சற்று அழுத்தினால் போதாது என்ற பாடம்தானே அதில் கிடைக்கும்?

மாணவர் தனியாக உட்கார்ந்து மணிக்கணக்கில் ஓட்டுவதும் இதே வகைதான். தரையிறக்கம் கோணலானால் ரீசெட் அழுத்திவிட்டு மறுபடி தொடங்குவார். இறங்காமல் மேலே எழும்பிச் சுற்றிவரும் முடிவை எடுக்க அவர் பழகவே மாட்டார். ரீசெட் பொத்தான் பயிற்றுநர் கையில் இருக்கட்டும்.

சிமுலேட்டரில் குமட்டல் வந்தால் மறைக்கவே கூடாது. மறைக்கிறவர் தலையைத் திருப்பாமல் சமாளிக்கப் பார்ப்பார். நிஜ வானில் வேறு விமானம் வருகிறதா என்று சுற்றிப் பார்க்க வேண்டிய தலை அது. தலைசுற்றல் இருக்கும்போது அன்றே நிஜ விமானத்தில் ஏற்றுவதும் தவறு.

கூர்மையாகத் திரும்பும்போது உடலை அழுத்தி, ரத்தத்தைத் தலையிலிருந்து கீழே இறக்கும் ஜி விசையைத் தரையில் இருக்கும் சாதாரண சிமுலேட்டர் காட்டாது. கர்நாடகத்தின் பீதரில் ஹாக் பயிற்சி ஜெட் ஓட்டப் போகும் இந்திய விமானப்படை மாணவர், திரையில் கூர்மையாகத் திரும்பும்போதே காலையும் வயிற்றையும் இறுக்கி, மூச்சை அடக்கி விடப் பழகிவிட வேண்டும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருந்தால் இருக்கட்டும்.