கார்த்திகை தீபத்துக்கு வேலூரிலிருந்து ஒரு நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

திருவண்ணாமலை தீபத்தன்று கோயில் தரிசனம், கிரிவலம், மாட்டுச் சந்தை மூன்றையும் ஒரே நாளில் முடிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் வரிசையில் நின்றே பொழுதைக் கழித்துவிட்டு வருவார்கள். கோயிலை விட்டுவிடுங்கள். சாதாரண வாரநாள் ஒன்றில் போனால் அதை நிம்மதியாகப் பார்க்கலாம். சந்தையும் கிரிவலமும் சேர்ந்ததுதான் இந்தத் திட்டம்.

கூட்டம் ஒத்துக்கொள்ளாதவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் தீபத்தன்று போக வேண்டிய அவசியமே இல்லை. மலைமேல் தீபம் 11 நாள் எரியும். ஆனால் மறுநாளே கிளம்பிவிடாதீர்கள், பௌர்ணமி கிரிவலக் கூட்டம் அப்படியே இருக்கும். பௌர்ணமி கழித்துப் போங்கள்.

முதல் நாள் இரவு எடுத்துவைக்க வேண்டியவை

ஆளுக்கு ஒரு லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் பாட்டில், செருப்புப் போட ஒரு துணிப்பை, மழைக்கோட்டு. கார்த்திகை மழைக்காலம்தான், என்றாலும் குடை வேண்டாம். நெரிசலில் கம்பி அடுத்தவர் கண்ணைக் குத்தும். பத்து, இருபது ரூபாய்த் தாள்களாக ஐந்நூறு ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் செல்போன் சிக்னல் திணறும், ஜிபே ஓடாது. கட்டுச்சோறாகப் புளிசோறு நல்லது. தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும். குழந்தைகளின் சட்டைப்பையில் பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டு கட்டாயம்.

கிளம்புவது

காலை 5 மணிக்கு வேலூரில் பஸ் ஏறிவிட வேண்டும். கண்ணமங்கலம், போளூர் வழி. சாதாரண நாளில் இரண்டு, இரண்டரை மணி நேரம். திருவிழாவில் ஒரு மணி கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். காட்பாடியிலிருந்தும் வேலூர் கண்டோன்மென்டிலிருந்தும் ரயிலும் உண்டு. தீபத்துக்குச் சிறப்பு ரயில்கள் விடுவார்கள். பஸ் ஊருக்குள் போகாது. வேலூர் சாலையிலேயே, ஊருக்கு வெளியே, தற்காலிக பஸ் நிலையத்தில் இறக்கிவிடும். இறங்கியதும் அந்த இடத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சாலையிலும் ஒரு தற்காலிக பஸ் நிலையம் இருக்கும். இரவில் தவறான சாலைக்குப் போய்விட்டால் ஊரைச் சுற்றித்தான் திரும்பி வரவேண்டும்.

சந்தை

எந்தச் சாலையில் கூடியிருக்கிறது என்று பஸ் நிலையத்திலேயே கேட்டுக்கொண்டு, காலையிலேயே போய்விடுங்கள். நல்ல ஜோடிகள் சீக்கிரம் கைமாறிவிடும். மாடு வாங்காதவர்களும் பார்க்க வேண்டியவை இரண்டு.

ஒன்று, பல் பார்ப்பது. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, கீழ்த்தாடையில் எட்டு. பால்பல் விழுந்து பெரிய பல் ஒரு ஜோடி முளைத்திருந்தால் ‘ரெண்டு பல்லு’, ஏறக்குறைய இரண்டு வயது. ‘நாலு பல்லு’ என்றால் இரண்டரையிலிருந்து மூன்று. ‘ஆறு பல்லு’ மூன்று, மூன்றரை. எட்டும் நிறைந்துவிட்டால் கடைசேர்ந்த மாடு, நாலு வயதுக்கு மேல். அதற்குப் பிறகு தேய்மானத்தை வைத்துக் குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும். தரகர் சொல்லும் வயது அங்கேதான் குறைய ஆரம்பிக்கும்.

இன்னொன்று, துண்டுக்குள் விலை பேசுவது. இருவரும் கைகுலுக்குவதுபோல் பிடித்து மேலே துண்டைப் போட்டுக்கொள்வார்கள். விரல் எண்ணிக்கைதான் தொகை. ஒரு விரல் ஆயிரமா பத்தாயிரமா என்பது மாட்டின் தரத்தைப் பார்த்து இருவருக்குமே தெரியும். வாய் மட்டும் ‘இது கட்டாதுப்பா’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கலாம். போனை நீட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மாட்டின் பின்னங்கால் பக்கவாட்டிலும் வீசும், குதிரை நேர் பின்னால் உதைக்கும். இரண்டுக்கும் தோள்பட்டைப் பக்கம் நிற்பதே பாதுகாப்பு. கழுத்துமணி, சலங்கை, மூக்கணாங்கயிறு, சாட்டை எல்லாம் ஓரக் கடைகளில் கிடைக்கும். அகல் வாங்குவதானால் ஒவ்வொன்றையும் சுண்டிப் பாருங்கள். மந்தமாகச் சத்தம் வந்தால் விரிசல்.

கிரிவலம்

14 கிலோமீட்டர். கூட்டத்தில் மணிக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்க முடியாது, ஆக ஐந்து மணி நேரம். பொதுவாக ராஜகோபுரத்திலிருந்து தொடங்குவார்கள். வேலூர்க்காரர்களுக்கு, பாதையில் திசைக்கொன்றாக இருக்கும் எட்டு லிங்கங்களில் வடகிழக்கு மூலையில் உள்ள ஈசான்ய லிங்கம்தான் வசதி. தொடங்குவதும் முடிப்பதும் அங்கேயே என்றால் பஸ் பக்கம். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மலையை வலப்பக்கம் வைத்து, சாலையின் இடதோரமாக நடப்பது வழக்கம். கோயில் முன்புறம்தான் மிக மோசமான நெரிசல். போலீஸ் எந்தத் தெருவில் திருப்பிவிட்டாலும் அதிலேயே போங்கள். வாதாடுவதில் பயனில்லை. இந்திர லிங்கம், அக்னி லிங்கம், ரமணாசிரமம், எம லிங்கம் தாண்டி, செங்கம் சாலையை விட்டுப் பாதை வலப்புறம் திரும்பும். அதன் பிறகு நடை கொஞ்சம் இலகுவாகும். நிருதி, வருண லிங்கங்களைக் கடந்தால் ஆதி அண்ணாமலை. அங்கே பத்து நிமிடம் உட்காருங்கள், காலை நீட்டித் தேய்த்துவிடுங்கள். பிறகு வாயு, குபேர லிங்கங்கள்.

வெறுங்காலில் பழக்கமில்லாதவர்கள் ஒரு வாரம் முன்பே தினமும் அரைமணி நேரம் வெறுங்காலில் நடந்து பழகட்டும். இல்லாவிட்டால் பாதி வழியில் கொப்புளம் வரும்.

பிரிந்துவிட்டால் எங்கே கூடுவது என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ‘கோபுரத்துக்கிட்ட’ என்று சொல்லாதீர்கள். ராஜகோபுரம், திருமஞ்சன கோபுரம், பேய்க்கோபுரம், அம்மணி அம்மன் கோபுரம் என்று திசைக்கொன்றாக நான்கு உண்டு. லிங்கத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

ஆறு மணி

ஒரு மணிக்குத் தொடங்கினால் ஆறுக்குள் குபேர லிங்கத்தை ஒட்டி இருப்பீர்கள். ஐந்தே முக்காலுக்கே மரமறைப்பு இல்லாத இடமாகப் பார்த்து நின்றுவிடுங்கள். கோயிலுக்குள் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து காட்சி தரும் அந்தச் சில நிமிடத்தில்தான் 2,668 அடி உயர உச்சியில் கொப்பரையில் தீபம் ஏற்றுவார்கள். மேகம் மூடியிருந்தால் பொறி தெரியாது. ‘அரோகரா’ சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சற்று நேரம் பொறுத்தால் மேகம் விலகக்கூடும்.

மலை ஏறும் எண்ணம் வேண்டாம். 2024 டிசம்பரில் மண்சரிந்து ஏழு பேர் இறந்த பிறகு, அந்த ஆண்டு தீபத்துக்குப் பக்தர்களை ஏறவிடவில்லை.

திரும்புவது

தீபம் பார்த்த கையோடு எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். ஏழிலிருந்து பத்து வரை ஏறவே முடியாது. ஈசான்யத்தில் நடையை முடித்து, பொரியும் வெல்லமும் வாங்கித் தின்றுகொண்டு பத்தரை வரை உட்கார்ந்திருங்கள். பிறகு ஏறினால் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். வாங்கிய அகலை வீட்டில் சில மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்த பிறகு ஏற்றுங்கள். புது மண் எண்ணெயைக் குடித்துவிடும்.