உப்புக் காற்றில் ஒரு மொறிஸ் மைனர்: அடியிலிருந்து தொடங்குங்கள்

மழை விட்டு ஒரு வாரமாவது வெயில் எறிக்கட்டும். பிறகு காரை முற்றத்துக்கு எடுத்து, சாக்கொன்றை விரித்து அதன் கீழே படுத்துப் பாருங்கள். பழைய காரைத் தன் கையால் திருத்த நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பெயின்ற், இருக்கைத் துணி, பாட்டுப் பெட்டி எல்லாம் பிறகு.

எங்கள் வீடு திருகோணமலை உவர்மலையில் இருக்கிறது. கார் 1963 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. 1098 சிசி எஞ்சின். அப்பா வாங்கியது. அவர் போன பிறகு 11 வருடமாக அதன் பொறுப்பு என்னுடையது. நான் 26 வருடம் கணிதம் படிப்பித்தவள். எந்தக் கராஜிலும் வேலை பழகியதில்லை. அப்பா காருக்குக் கீழே படுத்திருந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்த பிள்ளை. அந்தப் பழக்கம்தான் முதல். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் நம் ஊரில் பல பழைய கார்கள் கொட்டிலை விட்டு மீண்டும் வெளியே வந்தன. வந்தவற்றில் பலவற்றுக்கு முதலில் செய்யப்பட்டது பளபளவென்ற பெயின்ற் வேலை. இரண்டு வாடைக்காலம் கழிவதற்குள் அதே கார்களின் கதவடியில் கொப்புளம் கிளம்பியதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊர் இது. இங்கே காரைக் கொல்வது ஓட்டம் அல்ல, உப்பு.

மொறிஸ் மைனருக்கு லொறியைப் போலத் தனியான அடிச்சட்டம் கிடையாது. உடலும் சட்டமும் ஒரே தகட்டுக் கூடு. ஆகவே அடித்தகடு உக்கினால் உக்குவது காரின் முதுகெலும்பு. கீழே படுத்ததும் பார்க்க வேண்டிய இடங்கள்: முன் இருக்கைகளின் கீழே குறுக்காக ஓடும் இரும்புக் கட்டையின் இரு முனைகள், பின் வில் தகடுகளின் முன் முனை பொருந்தும் இடம், கதவுகளின் கீழே நீளும் பட்டை, ஓட்டுநர் காலடியில், மிதித்ததும் பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் உட்கார்ந்திருக்கும் பெட்டிச் சட்டம். கடைசியாகச் சொன்ன இடத்தை விசேடமாகப் பாருங்கள். பிரேக் எண்ணெய் கசிந்தால் அது பெயின்றை உரித்துவிடும். உரித்த இடத்தில் உப்பு ஏறும்.

திருப்புளியைத் தலைகீழாகப் பிடித்து, அதன் பிடியால் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு ‘ணங்’ என்று பேசும். உக்கியது ‘பொத்’ என்று வாயை மூடிக்கொள்ளும். எங்கள் காரின் குறுக்குக் கட்டை வெளியே பார்க்க ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. வலது முனையில் தட்டியபோது சத்தம் மாறியது. திருப்புளி முனையால் மெல்ல அழுத்தினேன், பப்படம் போல் உடைந்து உள்ளே போயிற்று. உள்ளிருந்து ஒரு கைப்பிடி செம்மண் நிறத் துருத்தூள் முகத்தில் கொட்டியது. கண்ணாடி அணியாமல் கீழே போகக் கூடாது என்பதற்கு வேறு காரணம் வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. இந்தக் காரில் ஜாக்கி வைக்கும் இடமே அந்தக் குறுக்குக் கட்டையின் முனைதான். ஜாக்கி ஏறுகிறது, கார் ஏறவில்லை, தகடு மடிகிற முனகல் கேட்கிறது என்றால் உடனே நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே போகாதீர்கள். இரும்புத் தாங்கிகள் இல்லாவிட்டால் அகலமான பனங்குற்றிகளை அச்சின் கீழ் அடுக்கி, காரைத் தோளால் ஒரு முறை தள்ளிப் பாருங்கள். அசையாவிட்டால் படுங்கள்.

உக்கிய தகட்டின் மேல் புதுத் தகட்டை ஒட்டச் சொல்லாதீர்கள். நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்து, 1.6 மில்லிமீற்றர் தகட்டில் துண்டு செய்து, விளிம்போடு விளிம்பு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். இதை நான் செய்வதில்லை. பாலையூற்றில் டிங்கரிங் செய்யும் ஓர் அண்ணன் வீட்டுக்கு வந்து செய்து தருகிறார். நான் செய்வது அதற்கு முன்னும் பின்னும். முன்பு பற்றரியைக் கழற்றி, பின்பக்க வேலையாக இருந்தால் பெற்றோல் தாங்கியையும் இறக்கி வைப்பேன். பின்பு கம்பித் தூரிகையால் தேய்த்து, துருவைக் கறுப்பாக மாற்றும் பொஸ்போரிக் அமிலத் திரவம் பூசி, காய்ந்ததும் சிவப்பு ஒக்சைட், அதன் மேல் சட்டத்துக்கான பெயின்ற். பெட்டிச் சட்டங்களின் உட்பக்கத்துக்கு மெழுகு கலந்த எண்ணெயை நீண்ட குழாயால் விசிற வேண்டும். தார் போன்ற தடித்த பூச்சைத் துருவின் மேல் அப்பிவிடுவது நம் ஊரில் வழக்கம். அது ஈரத்தை உள்ளே அடைத்து வைத்து வேலையைக் கெடுக்கிறது. பழைய எஞ்சின் ஒயில் அடிப்பவர்களுக்கும் சொல்கிறேன்: ரப்பர் புஷ்கள் ஊதிப்போகும்.

பூச்சு வேலைக்குக் காலம் முக்கியம். ஐப்பசி முதல் தை வரை தொடவே வேண்டாம். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் காற்று உலர்ந்திருக்கும், ஆனால் பிற்பகலில் புழுதியையும் அள்ளிக்கொண்டு வரும். காலை பத்து மணிக்குள் தூரிகையைக் கழுவிவிடுங்கள். நிலாவெளிப் பக்கம் போய் வந்த அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கிணற்று நீர் உவராக இருந்தால் குழாய் நீர்.

அடுத்தது பிரேக். மாஸ்டர் சிலிண்டரின் எண்ணெய் மூடி ஓட்டுநர் காலடி விரிப்புக்குக் கீழே இருக்கிறது. எட்டாத இடமாகையால் பலர் வருடக்கணக்கில் திறந்தே பார்ப்பதில்லை. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர் ஈரத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுவதையும் மாற்றுங்கள். இந்தக் காரில் நான்கு சில்லுக்கும் ஒரே இணைப்பு. ஓரிடத்தில் குழாய் வெடித்தால் மிதி தரையைத் தொடும். துருப்பிடித்த இரும்புக் குழாய்களைச் செம்பு-நிக்கல் குழாயாக மாற்றியதுதான் இந்தக் காரில் நான் செலவழித்ததிலேயே உருப்படியான பணம்.

பிரேக் குழாய்களில் புகுந்த காற்றை எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரமான சில்லிலிருந்து தொடங்கி அருகே வர வேண்டும்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. என் மகன் உள்ளே இருந்து மிதிப்பான். “மிதி தம்பி” என்பேன்; “மிதித்துவிட்டேன் அம்மா” என்று அவன் சொன்ன பிறகுதான் சில்லில் உள்ள காற்றுத் திருகைத் திறப்பேன்; மூடிய பிறகே “விடு”. இந்த வரிசை தவறினால் காற்று திரும்ப உள்ளே போகும். பிறகு பிரேக் இறுக்கம். சில்லின் துளை வழியாகத் திருப்புளியை விட்டால் வெட்டுள்ள திருகு அகப்படும். முன் சில்லில் இரண்டு, பின் சில்லில் ஒன்று. வலஞ்சுழியாகச் சில்லு பூட்டிக்கொள்ளும்வரை திருகி, ஒரு ‘கிளிக்’ பின்னால் விடுங்கள். இதைச் சரியாகச் செய்தால் மிதி பாதி வழியிலேயே கல்லாக நிற்கும்.

முன் சில்லைத் திருப்பும் செங்குத்துத் தண்டின் மேலும் கீழும் மரை உள்ள மூட்டுகள் இருக்கின்றன. ட்ரனியன் என்பார்கள். 1600 கிலோமீற்றருக்கு ஒரு முறை, சில்லைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்து, பழைய கிறீஸ் வெளியே பிதுங்கும்வரை புதியதை ஏற்றுங்கள். இதை மறந்த கார்களில் கீழ் மூட்டின் மரை தேய்ந்து, ஒரு நாள் வளைவில் முன் சில்லு மடிந்து படுத்துவிடும்.

மின்சாரத்துக்கு வருவோம். ஒரு மார்கழிக் காலையில் ஸ்டார்ட் செய்தபோது மோட்டார் சோம்பலாகச் சுழன்றது. சோக் குமிழியை இழுக்கப் போனேன், விரல் சுட்டது. டாஷ்போர்டின் பின்னாலிருந்து கருகும் வாசனை. எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் உடலுக்கும் நடுவே மின்சாரம் போக ஒரு பின்னல் கம்பிப் பட்டைதான் வழி. அந்தப் பட்டை உப்பில் பச்சை பூத்து அறுந்திருந்தது. ஸ்டார்ட்டருக்கு வேண்டிய மின்சாரம் முழுவதும், டாஷ்போர்டிலிருந்து எஞ்சினுக்குப் போகும் மெல்லிய சோக் கம்பி வழியாக வழி தேடியிருக்கிறது. பற்றரிதான் போய்விட்டது என்று அன்று நான் புதிது வாங்கியிருந்தால் கார் எரிந்திருக்கும்.

ஆகவே எதையும் வாங்குமுன் ஒரு மல்ரிமீற்றரை எடுங்கள். ஒரு முனையைப் பற்றரியில் கார் உடலோடு இணைந்த முனையிலும், மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் குற்றம் இணைப்பில். கழற்றி, அரத்தாளால் இரும்பு மின்னும்வரை தேய்த்து, பூட்டிய பின் மேலே வஸ்லின் பூசுங்கள். இந்தக் கார்களில் பற்றரியின் நேர் முனைதான் உடலோடு இணைந்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். அவசரத்துக்கு அடுத்த காரிலிருந்து கம்பி கொடுத்து உதவ வரும் நல்ல மனிதர்கள் இதை அறியமாட்டார்கள்.

சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்பு ‘டிக் டிக்’ என்று அடித்து, காபரேற்றர் நிறைந்ததும் நிற்க வேண்டும். அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது மிதவை ஊசி மூடவில்லை. அடிக்கவே இல்லையென்றால் திருப்புளிப் பிடியால் மெல்லத் தட்டுங்கள். உயிர் வந்தால் உள்ளே தொடுமுனைகள் கரிந்திருக்கின்றன.

எஞ்சினில் எனக்கு மிகப் பிடித்த வேலை வால்வு இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் நெம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி. மொத்தம் எட்டு வால்வு, முன்னிருந்து எண்ணுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பிளக்குகளைக் கழற்றி, முன்னே துளையில் இரும்புக் கைபிடியை விட்டுச் சுற்றுங்கள். எட்டாவது வால்வு முழுவதும் அமுங்கி நிற்கும்போது முதலாவதை அளக்க வேண்டும், மூன்றாவது அமுங்கினால் ஆறாவது, ஐந்தாவதுக்கு நான்காவது. எப்போதும் கூட்டினால் ஒன்பது. அப்பா இதைச் சொல்லித் தந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது; கூட்டல் ஒன்று கைக்கு அகப்படும் பொருளாக மாறியதை அன்றுதான் கண்டேன். இடைவெளி 0.30 மில்லிமீற்றர். அதில் விடும் தகட்டளவு லேசான பிடிப்போடு வழுக்கி வர வேண்டும். இலங்கையில் 2002 இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. அந்த ஈயம் பழைய வால்வு இருக்கைகளுக்குப் பாதுகாப்பாக இருந்தது. ஒரே வால்வின் இடைவெளி திரும்பத் திரும்பக் குறைகிறதென்றால் இருக்கை புதைகிறது என்று பொருள். எஞ்சினின் தலைப்பகுதி இறங்கும் நாளில் கடினப்படுத்திய இருக்கைகளைப் பொருத்திவிடுங்கள். மற்றவை சுருக்கமாக: டிஸ்ரிபியூற்றரின் தொடுமுனை இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர், பிளக் 0.6. வெப்ப நாடென்று சொல்லித் தேர்மோஸ்டாற்றைக் கழற்றி எறியாதீர்கள். றேடியேற்றருக்கு உவர் நீர் ஊற்றாதீர்கள்.

மாற்றங்களைப் பற்றி என் மகனோடு நீண்ட வழக்கு உண்டு. அவனுக்கு ஐந்து கியர், அகல டயர், குளிர்சாதனம். என் அளவுகோல் வேறு: பாதுகாப்பைக் கூட்ட வேண்டும், காரின் இரும்பை வெட்டக் கூடாது. அப்படி இதுவரை மூன்று மாற்றங்கள் செய்தோம். இருக்கைப் பட்டிகள், அவை பூட்டும் இடங்களின் பின்னே அகலத் தகடு வைத்து. டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர். அதற்காகப் பற்றரியின் எதிர் முனையை உடலோடு இணைத்து, பிளக்குகளுக்கு மின்பொறி தரும் கொயிலின் இரு மெல்லிய கம்பிகளையும் இடம் மாற்றினோம். உங்கள் பெற்றோல் பம்பின் உள்ளே டையோட் இருந்தால் முனை மாறியதும் கெட்டுவிடும். முதலில் அதைப் பாருங்கள். மூன்றாவது, முன் விளக்குகளுக்கு ரிலே, அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். பழைய கம்பியும் காலால் மிதிக்கும் சுவிட்சும் தின்றது போக விளக்கில் 10.4 வோல்ற்றுதான் இருந்தது. இரண்டு ரிலேயும் ஒரு பியூஸும் போட்டு, பற்றரியிலிருந்து நேராகத் தடித்த கம்பி இழுத்தோம். கந்தளாய் தாண்டி ஹபரணைக்குப் போகும் காட்டுப் பாதையில் இரவில் யானை நிற்கும். அந்த வெளிச்சம் அங்கே வேண்டும்.

எஞ்சினையோ நிறத்தையோ மாற்றுகிறவர்கள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவிலும் மாற்றிவிடுங்கள். உதிரிப்பாகத்துக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய பாகத்தையும் கையோடு கொண்டு போங்கள். முந்திய 948 சிசி எஞ்சினுக்கு உரியதை 1098க்கு வாங்கி வந்து நான் இரண்டு பயணம் வீணாக்கினேன்.

கழற்றிய எதையும் நாங்கள் எறிவதில்லை. டைனமோ எண்ணெய்த் துணியில் சுற்றி, திகதி எழுதிய சீட்டோடு அப்பாவின் மரப்பெட்டியில் இருக்கிறது. இடது கதவின் கீழ்ப் பட்டையில் பின் முனை சத்தம் மாறத் தொடங்கியிருக்கிறது. வெண்கட்டியால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்; கச்சான் தொடங்கியதும் பாலையூற்று அண்ணனுக்குச் சொல்ல வேண்டும்.