சந்தேகமான பீக்கையும் போஸ்டரில் போடுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தபோது, 2019 ஜூலையில் சுவீடனின் மால்மோவில் நடந்த 21ஆவது சர்வதேச வெற்றிட மாநாட்டுக்குப் போனேன். பேரில் வெற்றிடம் இருந்தாலும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, பொருள்களின் மேல்தோலை ஆராயும் மேற்பரப்பு அறிவியல்காரர்கள் பெருங்கூட்டமாகச் சேரும் இடம் அது. முதல்முறை இப்படி ஒரு மாநாட்டுக்குக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விசா. இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு தென்னாப்பிரிக்காவில் படிப்பவர்களுக்கு இதில்தான் பாதி உயிர் போகும். சுவீடன் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு இப்போது பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது முன்னால் என்பது விதி, ஆனால் அந்தக் கடைசி நாளை நம்பி உட்காராதீர்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, அழைப்புக் கடிதம், தங்குமிட ரசீது எல்லாம் வேண்டும். அதைவிட முக்கியம், உங்கள் தென்னாப்பிரிக்கப் படிப்பு விசா. திரும்பி வரும் தேதியைத் தாண்டியும் அது செல்ல வேண்டும். என்னுடையது முடியும் தறுவாயில் இருந்தது, புதுப்பித்து வர மாதக்கணக்கானது. கடைசியில் விமானம் ஏற 2 நாள் இருக்கும்போதுதான் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. மாநாட்டுக்கு அப்ஸ்ட்ராக்ட் (ஆய்வுச் சுருக்கம்) அனுப்புகிற அன்றே அந்தத் தேதியை எடுத்துப் பாருங்கள்.

உங்கள் ஆய்வைப் படங்களோடு விளக்கும் போஸ்டரைத் துணியில் அச்சடியுங்கள். ஏ0 அளவு, அதாவது 841க்கு 1189 மில்லிமீட்டர். வேட்டி மாதிரி மடித்துக் கைப்பையில் வைத்துவிடலாம். தென்னாப்பிரிக்காவின் மூன்று உருண்டைக் கால் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் ஒன்று போதும். ஜூலையில் இரண்டு ஊருக்கும் ஒரே மணிதான் என்பதால் கடிகாரத்தைத் தொட வேண்டாம். ஆனால் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும், திரையை இழுத்து மூடிவிட்டுத் தூங்குங்கள்.

இனி வேலை விஷயம். போவதற்கு முன் உங்கள் ஆய்வைத் துறைக்கு வெளியே ஒருவருக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள். நான் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் குடியிருந்த வீட்டுப் பாட்டியிடம் சொன்னேன். அவர் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கல்லு முழுக்க இரும்புதான் பாட்டி. ஆனா தோசை ஒட்டுறதும் எழும்புறதும் மேல்தோலோட காரியம். நான் பாக்குறது அந்தத் தோலைத்தான்" என்றேன். இங்கே ரஸ்டன்பர்க் பக்கம் தோண்டியெடுக்கும் பிளாட்டினம் கார் புகையிலுள்ள நஞ்சை மாற்றுவதும் அந்தத் தோலில்தான் என்றேன். பாட்டி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ உள்ளுக்குள்ள கெடக்குற பிளாட்டினம் வீண்தானே?" என்று கேட்டார்.

அதே காரணத்துக்காகத்தான் பிளாட்டினத்தைச் சில நானோமீட்டர் துகளாக்கி அலுமினா என்ற அலுமினிய ஆக்சைடின் மேல் தூவுகிறோம். உள்ளே குறையக் குறைய வெளியே கூடும். மால்மோவுக்குக் கிளம்புமுன் போஸ்டரின் தலைப்பை அழித்துவிட்டுப் பாட்டியின் கேள்வியையே போட்டேன். நின்று படித்தவர்களில் பலர் அந்த வரியைப் பார்த்துத்தான் நின்றார்கள்.

இன்னொன்றையும் துணிந்து செய்யுங்கள். புரியாத தரவை மறைக்காதீர்கள். எங்களிடம் எக்ஸ்பிஎஸ் கருவி (எக்ஸ் கதிரை அடித்து, வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றலை வைத்து மேற்பரப்பில் என்ன தனிமம் இருக்கிறது என்று காட்டுவது) இல்லை, மாதிரிகளை வேறு ஊருக்கு அனுப்பித்தான் அளந்தோம். என் மாதிரியில் பிளாட்டினம் 1 சதவீதம். ஒவ்வொரு தனிமத்துக்கும் வரைபடத்தில் அதற்கான இடங்களில் பீக், அதாவது மேடு, எழும். பிளாட்டினத்தின் 4எஃப் என்ற இரட்டைப் பீக் 71, 74 ஈவி (எலக்ட்ரான்வோல்ட், ஆற்றலின் அலகு) பக்கம் வரவேண்டும். அலுமினாவிலுள்ள அலுமினியத்தின் 2பி பீக்கும் 74இல்தான் வந்து உட்காரும். கூட்டத்தில் குழந்தை தொலைந்த மாதிரி என் பிளாட்டினம் அதற்குள் போய்விட்டது. இரண்டையும் பிரிக்க நான் போட்ட ஃபிட் (கணக்கு வளைவு) எதையும் என்னாலேயே நம்ப முடியவில்லை. அந்தப் படத்தைப் போஸ்டரிலிருந்து எடுத்துவிடலாமா என்று என் பிஎச்.டி. கைடிடம் கேட்டேன். "வை, யாராவது கேட்கட்டும்" என்றார். கீழ் மூலையில் ஒரு கேள்விக்குறியோடு வைத்தேன்.

இரண்டாம் நாள் மாலை, வயதான ஓர் அம்மா என் அழகான படங்களையெல்லாம் தாண்டி நேரே அங்கே குனிந்தார். 74 ஈவி மேட்டைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, "இதை விட்டுவிடு, 314க்குப் போ" என்றார். பிளாட்டினத்தின் 4டி பீக் அங்கே இருக்கிறது, அலுமினியம் அந்தப் பக்கமே வராது. பீக் அகலமாக இருக்கும், தரவில் இரைச்சலும் (நாய்ஸ்) அதிகம், அதனால் பொறுமையாக அளக்க வேண்டும் என்று என் நோட்டில் அவரே வரைந்து காட்டினார். ஒரு வருடம் நான் முட்டிய சுவர் இருபது நிமிடத்தில் வழிவிட்டது. அன்று இரவு சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

பேச்சுகளுக்கு நாளுக்கு நாலைந்து போதும். எல்லா அரங்குக்கும் ஓடினால் எதுவும் தங்காது. போஸ்டர் நேரத்தையும் காபி இடைவேளையையும் மட்டும் விடவே விடாதீர்கள்.

யாரிடம் பேசினாலும் அன்று இரவே பெயரையும் பேசிய விஷயத்தையும் எழுதிவையுங்கள். ஊர் திரும்பி ஒரு வாரத்துக்குள் மெயில் போடுங்கள், நன்றியோடு ஒரே ஒரு கேள்வி வையுங்கள். எத்தனை ஸ்கேன் எடுக்கலாம் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். மூன்றாம் நாள் பதில் வந்தது, தன் பழைய 4டி ஸ்பெக்ட்ரம் ஒன்றையும் இணைத்திருந்தார்.