விலைப்புள்ளியில் தானாக நிரம்பும் புலங்கள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பகுதிகளில் வீட்டு வேலை எடுத்துச் செய்யும் ஒப்பந்ததாரர்கள், பழைய விலைப்புள்ளியை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அனுப்புவதைவிட, மாறும் விவரங்களை எக்செல் தாளில் வைத்து, வேர்டின் மெயில் மெர்ஜ் வசதியால் நிரப்புவதே பாதுகாப்பானது. தாளின் முதல் வரிசையில் பெயர், ஊர், சதுர அடி, தொகை, செல்லுபடி நாள் எனத் தலைப்பிட்டு, வேர்டின் மெயிலிங்ஸ் பகுதியில் அத்தாளைத் தேர்ந்தெடுத்து, உரிய இடங்களில் புலங்களை, அதாவது அந்தத் தலைப்புகளின் விவரம் வந்து நிரம்பும் இடங்களை, செருக வேண்டும்.

தமிழில் சிக்கல் தருவது வேற்றுமை உருபுதான். «ஊர்» புலத்தை ஒட்டி ‘இல்’ என்று எழுதினால் ‘மார்த்தாண்டம்இல்’ என்றே அச்சாகும். ‘பணியிடம்: «ஊர்»’ என்று அமைக்கலாம், அல்லது ‘மார்த்தாண்டத்தில்’, ‘தக்கலையில்’ என்ற வடிவங்களுக்குத் தனி நெடுவரிசை வைக்கலாம். பெயருக்குப் பின் ‘அவர்களுக்கு’ என்று இட்டுவிட்டால் உருபுத் தொல்லை இல்லை, மரியாதையும் குறையாது.

எக்செலில் 4,85,000 எனத் தெரியும் தொகை, வேர்டில் காற்புள்ளியின்றி 485000 என்று வரக்கூடும் என்பதால், அதை உரை வடிவிலேயே உள்ளிடுவது நல்லது. கன்னியாகுமரி இரு பருவமழைகளும் பெய்யும் மாவட்டமாதலால், மழையால் வேலை தள்ளிப்போவது பற்றிய நிபந்தனை எல்லா வார்ப்புருவிலும் நிலையான வாசகமாகவே இருக்கட்டும். மின்னஞ்சலாக அனுப்புமுன், முன்னோட்டத்தில் ஒவ்வொரு பதிவையும் புரட்டி, காலியான புலம் எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.